லெட்டிஷியா அம்மையாருக்குக் கண்ட்ரோல் சேலை எடுத்த விவரம்

தூத்துக்குடி,
3-3-1946, ஞாயிறு

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய ஆறுமுகநயினார் சித்தப்பா அவர்களுக்கு, தங்கள் அண்ணன் மகள் முத்துக்கனி வணங்கி எழுதுவது. இங்கே அப்பாவும் அம்மாவும் நானும் சுகமாக இருக்கிறோம். அங்கே தாங்களும் சித்தியும் சுகமாக இருப்பதையும், சித்தியின் முழங்கால் வலி இருந்த இடம் தெரியாமல் ஓடிப்போனதையும் அறிய ஆவல். தாங்கள் அனுப்பிய பேனா மைக்கூடு உடையாமல் வந்து சேர்ந்தது. வழக்கமாக எழுத வேண்டியதெல்லாம் எழுதிவிட்டேன். இனிமேல் வருவதைத் தயவுசெய்து உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

முதலில் புத்தகத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் ஆராய்ச்சிக்காகத் தங்கள் பெயரில் நூல்நிலையத்தில் எடுத்து அனுப்பினீர்களே, லெட்டிஷியா ஹார்க்கோம் அம்மையாரின் வாழ்க்கை வரலாறு, அவருடைய தம்பி மகன் எழுதியது. அதன் முகப்பில் அம்மையாரின் படம் இருக்கிறதல்லவா? நடு வகிடு எடுத்துச் சீவிய தலை, கழுத்துவரை மூடிய கறுப்புக் கவுன், யாரையும் உட்காரச் சொல்லாத பார்வை. அந்த நெற்றியில் இப்போது சந்தனமும் அதன்மேல் குங்குமமும் இருக்கின்றன. நான் வைக்கவில்லை. ஈரப் பஞ்சால் ஒற்றிப் பார்த்தேன். சந்தனம் போயிற்று, குங்குமம் போகவில்லை. சற்று அழுத்தித் தேய்த்ததில் பொட்டாக இருந்தது நெற்றி முழுவதும் பரவி, நூறு வருஷத்துக்கு முன் இங்கிலாந்தில் இருந்த ஒரு பாதிரியார் மகள் இப்போது அம்மன் கொடை விழா பார்த்துவிட்டு வீடு திரும்பியவள் போல் இருக்கிறாள். நூல்நிலையத்தார் கேட்டால் என்ன சொல்லலாம் என்று இரண்டு நாள் யோசித்தேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. தாங்கள் என்னைவிட அனுபவம் உள்ளவர்கள்.

இந்தக் கடிதத்தால் தங்களிடம் கேட்பது இரண்டு உபகாரம். ஒன்று, என் எம்.லிட். ஆராய்ச்சியை இந்த மாதக் கடைசிக்குள் ஒப்படைக்க முடியாது; பல்கலைக்கழகத்தில் சொல்லி இரண்டு மாதம் அவகாசம் வாங்கித் தர வேண்டும். இரண்டாவதுதான் முக்கியம். அப்பாவுக்குத் தாங்கள் ஒரு கடிதம் எழுத வேண்டும். கொழும்புச் சம்பந்தம் வேண்டாம், முத்துவுக்கு இஷ்டமில்லை என்று ஒரு வரி போதும். நான் சொன்னால் அப்பா "சரிம்மா" என்பார். அவர் சரிம்மா என்றால் ஒன்றும் நடக்காது என்று அர்த்தம். தாங்கள் எழுதினால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு படிப்பார். மாப்பிள்ளை பெயர் இசக்கியப்பன், நம் சங்கரம்மாள் அத்தையின் கொழுந்தன் மகன், கொழும்பில் ஜவுளிக்கடை. சித்திரையில் ஊருக்கு வருகிறாராம், வைகாசியில் முகூர்த்தமாம். எனக்கு எட்டு வயதாயிருந்தபோது ஒரு கல்யாணப் பந்தியில் அவர் எனக்கு எதிரே உட்கார்ந்து பாயசத்தை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அவரைப் பற்றி எனக்குத் தெரிந்த வரலாறு இவ்வளவுதான். லெட்டிஷியா அம்மையாரைப் பற்றி முந்நூறு பக்கம் தெரியும். அல்லது தெரியும் என்று போன வெள்ளிக்கிழமை மத்தியானம் வரைக்கும் நினைத்திருந்தேன்.

இதெல்லாம் சோற்றில் ஆரம்பித்தது. நான் மச்சு அறையில் எழுதிக்கொண்டிருப்பேன், அம்மா கீழேயிருந்து சாப்பிடக் கூப்பிடுவாள், வாக்கியம் பாதியில் நிற்கும்போது நான் எழுந்து வரமாட்டேன். பிறகு இறங்கி வந்து இலை முன்னால் உட்கார்ந்தால், "அப்படி என்னதாம்ளா எழுதுதே அந்த வெள்ளைக்காரியப் பத்தி? எங்களுக்கும் கொஞ்சம் சொல்லு, கேப்போம்" என்று பிடித்துக்கொள்வாள். பேச்சை முடிப்பதற்காகக் கொஞ்சம் சொன்னேன். வட இங்கிலாந்தில் ஒரு கடற்கரை ஊர், பாதிரியார் மகள், தாயில்லாப் பிள்ளை, தகப்பனாருக்குக் கண் மங்கியதும் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தை இவளே எழுதிக் கொடுத்தாள், மிச்சக் காகிதத்தில் நாவல் எழுதினாள், அவ்வளவுதான் சொன்னேன். மறுநாள் புளிக்குழம்பை ஊற்றிக்கொண்டே அம்மா, "பெறகு?" என்றாள். அதற்கு மறுநாளும் "பெறகு?" என்றாள். இப்படிப் பத்துப் பதினைந்து சாப்பாட்டில் அம்மையாரின் வாழ்க்கை முழுவதையும், நான்கு நாவல்களின் கதையையும் சொல்லி முடித்தேன். முடிவைத்தான் சொல்லாமல் இருந்திருக்க வேண்டும். "அவளக் கட்டுனது யாரு?" என்று கேட்டாள். யாரும் கட்டவில்லை, உதவிப் பாதிரியார் ஒருவர் பெண் கேட்டார், எழுத்தே பெரிது என்று இவள் மறுத்துவிட்டாள், நாற்பத்தொரு வயதில் நெஞ்சில் சளி கட்டி இறந்தாள், அவள் எழுதி வைத்திருந்த கடிதங்களில் பாதியை அவளுடைய அக்காள் அடுப்பில் போட்டுவிட்டாள் என்றேன். அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "ஒரு நல்லது பொல்லாது பாக்காம, ஒரு மஞ்சக் கயிறு ஏறாம போயிட்டாளே பாவி மக!" என்றாள். அன்று எனக்கு மோர் ஊற்ற மறந்துவிட்டாள்.

நாவல்கள் அம்மாவுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தங்களுக்குத் தெரியும், நான்கிலும் ஒரே மாதிரி ஓர் இடம் வரும். ஆண்மகன் வருவான், கதாநாயகி இருக்கும் அறைக்குள் போவான், கதவு சாத்தப்படும். அடுத்த அத்தியாயத்தில் அவன் குதிரையேறிப் போய்விடுவான், இவள் கடற்கரைப் பாறைமேல் காற்றில் நின்றுகொண்டிருப்பாள். உள்ளே என்ன பேசினார்கள் என்று அம்மையார் ஓரிடத்திலும் சொல்லவில்லை. "கதவச் சாத்திட்டா உள்ள என்ன பேசுனாவன்னு நமக்கு எப்படித் தெரியும்?" என்றாள் அம்மா. அதுதான் கலை, அதற்குப் பெயர் அடக்கம் என்றேன். "நல்ல அடக்கம்! கதை கேக்க வந்தவள வாசல்ல நிறுத்திட்டு இவ மட்டும் உள்ள போயிக் கேட்டுக்கிடுவாளோ?" என்று அப்பளத்தை நொறுக்கினாள். என் மூன்றாம் அத்தியாயம் முழுவதும் அந்தச் சாத்திய கதவைப் பற்றித்தான், இருபத்திரண்டு பக்கம். எழுத்துக்காகத் தன் வாழ்வில் ஒரு கதவைச் சாத்திய பெண், அந்தக் கணத்தின் புனிதத்தைக் காப்பதற்காக நாவலிலும் கதவைச் சாத்துகிறாள் என்று எழுதியிருந்தேன். தாங்கள் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் சிவப்புப் பென்சிலால் "அருமை" என்று மூன்று தடவை எழுதினீர்கள். அதைத் தங்களுக்கு நினைவுபடுத்துவதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம் இருக்கிறது. காரணம் பின்னால் வரும்.

நம் பக்கத்துக் கன்னி கும்பிடும் வழக்கம் இருபது வருஷச் சென்னைவாசத்தில் தங்களுக்கு மறந்திருக்கலாம். கல்யாணமாகாமல் இறந்துபோன பெண் வீட்டைச் சுற்றியே இருப்பாள். வருஷத்துக்கு ஒரு புதுச்சேலையை ஓலைப் பெட்டியில் மடித்து வைத்து, பலகாரம் படைத்துக் கும்பிட்டால் குடும்பத்தைக் காப்பாள். மறந்துவிட்டால் அந்த வீட்டுப் பெண்களின் கல்யாணத்தைத் தட்டிவிடுவாள். நம் குடும்பத்துக் கன்னிக்கு அம்மா ஒரு வருஷமும் தவறியதில்லை. அப்படியிருந்தும் எனக்கு வந்த மூன்று சம்பந்தம் தட்டிப்போயிற்று. (தட்டியது நான்தான். அது அம்மாவுக்குத் தெரியாது, தங்களுக்குத் தெரியும்.) இந்த நிலைமையில் நான் வேளாவேளைக்குச் சாப்பிட வருவதில்லை, மச்சில் தனியாக உட்கார்ந்து எழுதின வாக்கியத்தை வாய்விட்டு இங்கிலீஷில் படித்துப் பார்க்கிறேன், பிடிக்காவிட்டால் காகிதத்தைக் கிழிக்கிறேன், மேஜைமேல் சுவரோரமாகப் புத்தகத்தை விரித்து ஒரு வெள்ளைக்காரி படத்தைக் கிழக்கே பார்த்து நிறுத்தி வைத்திருக்கிறேன். அம்மா போய்ச் சங்கரம்மாள் அத்தையிடம் சொல்ல, அத்தை வந்து மச்சுப்படியில் நின்றபடியே மேஜையைப் பார்த்து, அம்மாவிடம், "வடிவு, இதுல கேக்கதுக்கு என்ன இருக்கு? கன்னி வந்து உக்காந்திருக்கா" என்று முடித்துவிட்டாள்.

அப்பாகூட அன்று வாயைத் திறந்து, "எந்த ஊரோ, எந்தச் சாதியோ, அவளுக்கு நம்ம வீட்ல என்னக்கா சோலி?" என்று கேட்டார். "ஏலே அய்யாக்குட்டி, ஒன் கருப்பட்டி கப்பலேறிக் கொழும்புக்குப் போகுதுல்லா? போற வழியில வாரதுக்கு மட்டும் தடையா? புத்தகத்தோட ஏறி வந்துட்டா. இவ வேற தெனமும் அவ கதையவே சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டிருக்கா. கூப்பிட்டா வரமாட்டாளா?" என்றாள் அத்தை. அப்பா என்னைப் பார்த்தார். "சரிம்மா" என்றார். அன்றிலிருந்து அம்மா நான் குளிக்கப் போகும் நேரம் பார்த்து மச்சேறி அம்மையாருக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்திருக்கிறாள். ஒன்பது நாள் கழித்துத்தான் நான் கவனித்தேன். தினமும் அந்த முகத்தைப் பார்த்து ஆராய்ச்சி செய்கிறவள் நான். அதையும் தாங்கள் குறித்துக்கொள்ளலாம்.

படையலை வெள்ளிக்கிழமை மத்தியானம் என்று வைத்தார்கள். முதல் சிக்கல் சேலை. துணிக்குத்தான் கண்ட்ரோல் இருக்கிறதே. ரேஷன் கார்டில் மூன்று பேர். மூன்று பேருக்கு உள்ளது மூன்று பேருக்குத்தான். "அவ பேரையும் கார்டுல சேத்து எழுதச் சொல்லுங்களேன்" என்றாள் அம்மா. "என்ன வயசுன்னு போட?" என்று அப்பா கேட்டார். அவர் வேடிக்கைக்குக் கேட்டாரா, நிஜமாகவே கேட்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. கடைசியில் என் பங்கில்தான் கை வைத்தார்கள். அப்பா கடைவாசலில் ஒரு காலைப்பொழுது முழுவதும் வரிசையில் நின்று பச்சையில் சிவப்புக் கரை போட்ட நூல்சேலை ஒன்று வாங்கி வந்தார். அம்மையார் உயிரோடிருந்த காலத்தில் கறுப்பையும் சாம்பல் நிறத்தையும் தவிர வேறு உடுத்தியதில்லை என்று ஆதாரத்தோடு சொல்லிப் பார்த்தேன். "அதனாலதாம்ளா பச்சை எடுத்திருக்கு" என்றாள் அம்மா. அடுத்த வீட்டு இசபெல்லா வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து, "யக்கா, தொரசாணி கவுனுல்லா போடுவா? சேலைய அவ எப்படிச் சுத்துவா?" என்று கேட்டாள். "கவுனுன்னா அளவு வேணும். அளவுக்கு நான் எங்க போவேன்? சேலைன்னா யாரும் கட்டலாம்" என்றாள் அம்மா. இசபெல்லா கொஞ்சம் யோசித்து, "வேதக்காரிதான அவ?" என்று கேட்டாள். வேதக்காரிதான், ஆனால் மாதாவை வணங்காத சபை என்று நான் விளக்கினேன். "மாதாவக் கும்பிடாம இருந்தா எப்படிக் கல்யாணம் ஆவும்?" என்று இசபெல்லா ஒரே வரியில் அம்மையாரின் வாழ்க்கையை முடித்துவிட்டு உள்ளே போனாள். முதல் இரண்டு அத்தியாயத்தில் நான் அதே கேள்விக்குத்தான் விடை தேடியிருந்தேன்.

இரண்டாவது சிக்கல் பலகாரம். "அவளுக்கு என்ன பிடிக்கும்?" என்று அம்மா கேட்டாள். சித்தப்பா, எனக்குத் தெரியவில்லை. அம்மையாரின் நடைக்கும் பைபிளின் நடைக்கும் உள்ள உறவு தெரியும். அவள் எந்த வருஷம் எந்தக் கவிஞரைப் படித்தாள் என்பது மாதத்தோடு தெரியும். என்ன சாப்பிட்டாள் என்பது தெரியாது. "மூணு வருஷமா அவளப் பத்தி எழுதுதே, ஒரு நா அவ சாப்பிட்டாளா இல்லையான்னு கேக்கலியா?" என்றாள் அம்மா. எனக்கு ரோஷம் வந்து, வரலாற்றுக்குப் பின்னால் சேர்த்திருக்கும் கடிதங்களைப் புரட்டினேன். பிஷப்புக்கென்று வைத்திருந்த பழப் பணியாரத்தில் மூன்றை ஒளித்து வைத்துத் தின்றதாக ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறாள். அதை ஓடிப் போய் அம்மாவிடம் சொன்னேன். "திருடித் தின்னாளா! நல்ல பிள்ள" என்று அம்மாவுக்கு அவள்மேல் பிரியம் இரண்டு மடங்காகி, பழப் பணியாரத்துக்குப் பதிலாக முந்திரிக்கொத்து செய்தாள். தேநீர் நிறையக் குடிப்பாள் என்றும் சொல்லித் தொலைத்தேன்.

வெள்ளிக்கிழமை விளக்கேற்றி, மணைமேல் தங்கள் புத்தகத்தை நிறுத்தி, நூல்நிலைய முத்திரை தெரியாதபடி பூவைச் சாத்தி, ஓலைப் பெட்டியில் சேலை, சீப்பு, கண்ணாடி, வளையல் வைத்துப் படைத்தார்கள். இசபெல்லா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, "நான் உள்ள வரமாட்டேன். பங்குச்சாமி கேட்டாவன்னா நான் பாக்கலேன்னு சொல்லணும்லா" என்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தூணோரம் நின்றேன். குலவை விட்டார்கள். சங்கரம்மாள் அத்தைக்கு இரண்டு கொட்டாவி வந்தது, கொண்டை அவிழ்ந்தது, அருள் வந்துவிட்டது.

"வந்திருக்கது யாரு தாயி?" என்றாள் அம்மா.

"நாந்தாம்ளா. கடல் தாண்டி வந்திருக்கேன்."

"லெச்சியாவா தாயி?" (லெட்டிஷியா என்பது அம்மாவின் வாயில் முதல் நாளே லெச்சியா ஆகிவிட்டது.)

"வேற எவ வருவா? தாகமா இருக்கு. தேத்தண்ணி கொண்டா."

மூன்று தம்ளர் தேநீர் குடித்தாள். அத்தை காப்பியைத் தவிர வேறு தொடமாட்டாள் என்பது ஊருக்கே தெரியும். அம்மா சுற்றிலும் எல்லாரையும் வெற்றியோடு பார்த்தாள். பிறகு கையைக் கூப்பி, "ஒனக்கு என்ன கொறை தாயி?" என்றாள்.

"எனக்குக் கொறை ஒண்ணுமில்ல. சேலை நல்லாயிருக்கு. இந்தப் பிள்ளைக்கு வைகாசியில முடிச்சுரு. கொழும்பு மாப்பிள்ளதான். வேற எடம் பாக்காத."

வட இங்கிலாந்தில் இறந்துபோன ஒரு நாவலாசிரியைக்குச் சங்கரம்மாள் அத்தையின் கொழுந்தன் மகன்மேல் இவ்வளவு அக்கறை எங்கிருந்து வந்தது? ஆராய்ச்சி மாணவி இந்த இடத்தில் சும்மா இருக்கக் கூடாது. எனக்கு நடக்கவிருக்கும் வாய்மொழித் தேர்வை அம்மையாருக்கே நடத்திவிடுவது என்று முன்னால் வந்து நின்றேன். "உங்க அப்பா பேரு என்ன?" என்று கேட்டேன்.

"பெத்தவனப் பேரு சொல்லிக் கூப்பிடுத பழக்கம் எங்க ஊர்ல கெடையாது" என்றாள். "பாத்தியாளா, என்ன மரியாத!" என்றாள் அம்மா.

"எத்தனை நாவல் எழுதுனீங்க?"

"எழுதுனத எண்ணிக்கிட்டா இருப்பாவ? எழுதுனதுல பாதிய அடுப்புல போட்டுட்டாளே எங்கூடப் பொறந்தவ!" என்று மாரில் அடித்துக்கொண்டாள். கூடியிருந்த பெண்கள் எல்லாரும் "ஐயோ" என்றார்கள். வாசலில் இசபெல்லா சிலுவைக்குறி போட்டாள். இது அத்தனையும் நான் இலைமுன் உட்கார்ந்து சொன்ன கதை என்பதை எடுத்துச் சொல்ல அது நேரமில்லை. மூன்றாவது கேள்வியை வலை மாதிரி விரித்தேன். "அப்படின்னா, அந்தப் பாதிரியார் உங்களப் பெண் கேட்டப்போ நீங்க ஏன் மாட்டேன்னு சொன்னீங்க?" கல்யாணம் நல்லது என்று சொன்னால் தன் வாழ்க்கையையே மறுக்க வேண்டும். நல்லதில்லை என்றால் என்னை விட்டுவிட வேண்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் அகப்படுவாள்.

அத்தையின் ஆட்டம் நின்றது. கண்ணைத் திறந்து என்னை நேராகப் பார்த்தாள்.

"எவன்ளா கேட்டான்?" என்றாள். "எங்கிட்ட எவன் கேட்டான்? கேட்டாத்தான மாட்டேம்பேன்?"

அவ்வளவுதான். அம்மாவின் தோளில் சாய்ந்து, கொஞ்சநேரத்தில் தெளிந்து, கொண்டையை முடிந்துகொண்டு ஒரு முந்திரிக்கொத்தை எடுத்துக் கடித்தாள்.

நான் சிரித்துக்கொண்டேதான் மச்சேறினேன். ஆதாரத்தைக் காட்டி அத்தையை மடக்க வேண்டும் என்று பெண் கேட்ட விவரம் எங்கே இருக்கிறது என்று தேடினேன். வரலாற்றில் ஒரே ஒரு வரி இருக்கிறது, "எங்கள் அத்தை லெட்டிஷியா ஓர் உதவிப் பாதிரியாரை மறுத்தாள் என்பது எங்கள் குடும்பத்தில் உள்ள நம்பிக்கை" என்று. எழுதிய தம்பி மகன் அதற்கு நான்கு வருஷம் கழித்துப் பிறந்தவர். அந்த வருஷம் அம்மையார் தோழிக்கு எழுதிய பன்னிரண்டு கடிதங்கள் தப்பிப் பிழைத்திருக்கின்றன. அவற்றை நான் முப்பது தடவை படித்திருப்பேன். மறுபடியும் படித்தேன். முதல் கடிதத்தில் உதவிப் பாதிரியார் தேநீர் குடிக்க வந்தவர் குடையை மறந்து வைத்துவிட்டுப் போனார். நாளைக்கு வந்து எடுத்துக்கொள்வார் என்று எழுதுகிறாள். அடுத்த கடிதத்திலும் குடை கதவு மூலையில் இருக்கிறது. ஐந்து கடிதத்தில் அந்தக் குடை அப்படியே இருக்கிறது, சித்தப்பா. ஒன்றில் அதன் கம்பி துருப்பிடிக்காமல் எண்ணெய் போட்டாள். ஆறாவது கடிதத்தில் அவர் வேலையாளை அனுப்பிக் குடையை வாங்கிக்கொண்டார். ஜூன் மாதம் தானிய வியாபாரி மகளைக் கல்யாணம் செய்துகொண்டார். அம்மையார் ஆறு வெள்ளிக்கரண்டி பரிசளித்தாள். அந்தக் கரண்டிகளை வைத்து அவளுடைய பெருந்தன்மையைப் பற்றி நான் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன். குடையைப் பற்றி ஒரு வரி இல்லை.

அவர் கேட்கவே இல்லை. நான்கு நாவலிலும் ஓர் ஆளைக் கதவுவரை கூட்டிவந்து உள்ளே அனுப்பிவிட்டு அவள் வெளியே நின்றது அடக்கத்தால் அல்ல. உள்ளே போனவன் என்ன சொல்லுவான் என்று அவளுக்குத் தெரியாது. அவளும் என் அம்மாவோடு வாசலில்தான் நின்றிருக்கிறாள். என் மூன்றாம் அத்தியாயம் இருபத்திரண்டு பக்கமும் தங்களுடைய மூன்று "அருமை"களும் ஒன்றாகக் கவிழ்ந்துவிட்டன. ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தூரத்தில் நின்ற கப்பலுக்குத் தோணிகள் போய் வந்துகொண்டிருந்தன. எனக்கு அழுகை வந்தது. யாருக்காக என்று கேட்காதீர்கள்.

நேற்றுக் காலை அத்தை வீட்டுக்குப் போய், "அத்தை, எவன் கேட்டான்னு சொன்னீங்களே, அது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். "நானா? நான் என்னத்தக் கண்டேன்? சாமி சொல்லிச்சு" என்று அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நான் போகாமல் நின்றதும் சுளகைக் கீழே வைத்தாள். "எனக்குக் கல்யாணம் ஆகும்போது பன்னெண்டு முடியல. வாயில ஒரு பல்லு ஆடிக்கிட்டு இருந்துச்சு. சோழி விளையாடிக்கிட்டு இருந்தவளத் தூக்கிட்டுப் போயி மணையில உக்கார வச்சாவ. ஒங்க மாமா தாலி கட்டுறாவ, நான் நாக்கால பல்ல ஆட்டிக்கிட்டே இருக்கேன். எவன் கேட்டான், ம்?" என்று சொல்லிவிட்டுத் தானே விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு, "வைகாசி பதினாலு நல்ல நாளு" என்று மறுபடியும் சுளகை எடுத்துக்கொண்டாள்.

ஆகவே சித்தப்பா, நிலைமை இதுதான். கன்னியே உத்தரவு கொடுத்துவிட்டதால் வைகாசியில் முகூர்த்தம் என்று அம்மா ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். அப்பா சரிம்மா என்றுவிட்டார். பொட்டிட்ட புத்தகமும் கவிழ்ந்த அத்தியாயமுமாக நான் மச்சில் இருக்கிறேன். லெட்டிஷியா அம்மையாரிடம் எவரும் கேட்கவில்லை. சங்கரம்மாள் அத்தையிடம் எவரும் கேட்கவில்லை. என்னிடமும் இதுவரை எவரும் கேட்கவில்லை என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும். கேட்டால் மாட்டேன் என்று சொல்வதற்கு மூன்று வருஷமாகத் தயாராக இருக்கிறேன். கேட்காதவர்களிடம் எப்படிச் சொல்வது? அதனால்தான் தங்களை எழுதச் சொல்கிறேன். தபால் கண்டதும் அப்பாவுக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள். தாமதிக்க வேண்டாம்.

சித்திக்கு என் வணக்கத்தைச் சொல்லி, முழங்காலுக்குத் தடவ அம்மா கொடுத்தனுப்பும் எண்ணெயைச் சூடாக்கித் தேய்த்துக்கொள்ளச் சொல்லவும். வீட்டில் எல்லாருக்கும் நீண்ட ஆயுளும் நிறைந்த சுகமும் வேண்டி, தங்கள் ஆசியை எதிர்பார்க்கும்,
முத்துக்கனி.

பின்குறிப்பு: அப்பாவுக்கு எழுத வேண்டாம். கடிதத்தை ஒட்டப் பசை காய்ச்சலாம் என்று கீழே போனேன். அடுப்படியில் அம்மா அத்தையிடம், "மாப்பிள்ளைக்குச் சம்மதம்தான மதினி?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். "அவன எதுக்குக் கேக்கணும்? சொன்னா வாரான்" என்றாள் அத்தை. நான் பசையை அப்படியே விட்டுவிட்டு மச்சேறி, கொழும்புக்கு நான்கு வரி எழுதினேன். உங்களை யாராவது கேட்டார்களா, கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்பது முதல் இரண்டு வரி. மற்ற இரண்டு வரியையும் தங்களிடம் சொல்வதாக இல்லை. மேலே "மாட்டேன் என்று சொல்வதற்குத் தயாராக இருக்கிறேன்" என்று எழுதியதை அடிக்கலாமா என்று பேனாவை எடுத்தேன், பிறகு அப்படியே விட்டுவிட்டேன். பதில் வந்ததும் எழுதுகிறேன், வேண்டுமானால் தாங்களே அடித்துக்கொள்ளலாம். கொழும்புக் கடிதத்தைத் தபாலில் போட்டால் அம்மாவுக்குத் தெரிந்துவிடும். இசபெல்லாவின் வீட்டுக்காரர், தோணித் தலைவரான அம்புரோஸ் தண்டல், நாளைக்குத் தோணியை எடுத்துக்கொண்டு கொழும்புக்குப் போகிறார். அவர் கையில் கொடுத்திருக்கிறேன். பதில் எப்போது வரும் என்று கேட்டேன். "காத்தப் பொறுத்தது, தங்கச்சி" என்றார். எனவே பல்கலைக்கழகத்தில் அவகாசம் கேட்கும்போது இரண்டு மாதம் என்று திட்டமாகச் சொல்லிவிடாதீர்கள்.